திறந்த மூல மென்பொருளும் தானாகப் பறக்கும் டிரோனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர் பக்கம் விவசாய டிரோன்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. சனிக்கிழமைகளில் கட்டற்ற மென்பொருள் வகுப்பும் எடுக்கிறேன். மருந்து அடிக்கும்போது வரப்பில் நிற்பவர்கள், கல்லூரி மாணவர்கள், மகளிர் குழுப் பயிற்சிக்கு வரும் அக்காமார் என எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் வாய் வலிக்கச் சொல்வதைவிட எழுதிக் கையில் கொடுத்துவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

"ஓப்பன் சோர்ஸ்னா ஓசியில கிடைக்கிற சாஃப்ட்வேர், அவ்வளவுதானே?"

பெரும்பாலும் ஓசியில் கிடைக்கும்தான், ஆனால் முக்கியமான விஷயம் அது இல்லை. ஒரு மென்பொருளை மனிதர் படிக்கிற மாதிரி வரி வரியாக எழுதுவது மூலநிரல். கணினி ஓட்டுவது அதை மாற்றி எடுத்த வடிவம். அதை நாம் படிக்க முடியாது. வழக்கமாக நிறுவனங்கள் இந்த இரண்டாவதை மட்டும் கொடுக்கும். திறந்த மூலத்தில் முதலாவதும் கைக்கு வரும். பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குத் தரலாம். இதையெல்லாம் செய்ய அனுமதி தரும் காகிதத்துக்குப் பெயர் உரிமம்.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் பொருந்துவதால் அங்கே நாற்பது வருடக் குழப்பம். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. எம்ஐடி ஆய்வகத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், பிரிண்டரில் காகிதம் சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி பழைய பிரிண்டரின் நிரலை மாற்றி வைத்திருந்தார். புதிதாக வந்த பிரிண்டரில் அதைச் செய்ய மூலநிரல் தர மறுத்துவிட்டார்கள். அந்த மாதிரி எரிச்சல்கள் சேர்ந்துதான் 1983-இல், யாரும் படித்து மாற்றக்கூடிய ஒரு இயங்குதளத்தை எழுதும் குனு திட்டத்தை அறிவித்தார். 1989-இல் ஜிபிஎல் உரிமம் வந்தது. 'மாற்றிக்கொள், ஆனால் மாற்றியதை இன்னொருவருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் கொடு' என்பது அதன் சாரம். 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயர் 1998-இல்தான் வந்தது. நான் இரண்டு பெயரையும் கலந்து பேசுவேன். கொள்கைப் பிடிப்புள்ளவர்கள் மன்னிக்கவும்.

"நான் விவசாயி தம்பி. எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

உங்கள் சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கருநிரல், அதாவது மற்ற நிரல்களையெல்லாம் ஓட வைக்கும் அடிப்படை நிரல். அதுவும் திறந்த மூலம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது தொடங்கியது. உலகின் வேகமான 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸ்தான்.

உங்கள் வயலுக்கு மேல் பறப்பதிலும் இது இருக்கலாம். டிரோனின் நடுவில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி இருக்கும். அதுதான் ஃப்ளைட் கன்ட்ரோலர். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சாய்வு, உயரம், காற்றுத் தள்ளல் எல்லாம் பார்த்து மோட்டார்களுக்குக் கட்டளை தருவது அதுவே. அதில் ஓடும் நிரல்களில் பெயர் பெற்றவை ஆர்டுபைலட், பிஎக்ஸ்4 என்ற இரண்டு. இரண்டும் திறந்த மூலம். பொழுதுபோக்குக்காக விமானம் செய்து பறக்கவிட்டவர்களிடமிருந்து வளர்ந்தது முதலாவது. சுவிட்சர்லாந்தின் ஈடிஹெச் சூரிக் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகத் தொடங்கியது இரண்டாவது. எல்லா விவசாய டிரோனிலும் இவை இருக்கும் என்று சொல்லவில்லை. மூடிய கன்ட்ரோலர் போட்டு வருபவையும் நிறைய.

"இது தானா பறக்குதா, இல்ல அந்தப் புள்ள ஓட்டுதா?"

இரண்டும். முதலில் வயலின் மூலைகளை ரிமோட்டில் குறித்துக்கொள்வார்கள். மின்கம்பம், தென்னை இருக்கும் இடங்களை ஒதுக்கிவிடுவார்கள். உழவு சால் மாதிரி போய் வரும் கோடுகளைச் செயலியே போட்டுக்கொடுக்கும். அனுமதிப் பொத்தானை அழுத்தினால் அது கிளம்பிவிடும். ஆர்டுபைலட்டில் தெளிப்பானுக்கென்றே ஒரு பகுதி உண்டு. டிரோன் வேகமாகப் போனால் பம்ப் வேகமாக ஓடும், திரும்புவதற்கு மெதுவானால் பம்பும் குறையும். கையால் அடிக்கும்போது வரப்போரம் மருந்து கூடிப்போய்ப் பயிர் கருகுகிறதே, அது இதனால் குறைகிறது. மருந்து தீர்ந்தால் திரும்பி வந்து நிற்கும். டேங்கை நிரப்பி விட்டால், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

டிரோனை இயக்கும் பெண்ணின் கட்டைவிரல் மட்டும் ரிமோட்டை விட்டு நகராது. ஒரு தடவை பக்கத்து வரப்பில் கொக்குக் கூட்டம் எழும்பியபோது அவர் ஒரே தட்டில் நிறுத்தி, அது அந்தரத்தில் அப்படியே நின்றதைப் பார்த்தேன். 2021 டிரோன் விதிகளின்படி இந்த அளவு டிரோனை இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். தானியங்கி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போக முடியாது.

"ஃப்ரீயா எழுதிக் கொடுக்குறவன் எப்படிச் சாப்பிடுறான்?"

மாலை நேரத்தில் ஆசைக்கு எழுதுபவர்கள் உண்டு. ஆனால் பெரிய திட்டங்களில் பெரும்பாலான வேலையைச் செய்பவர்கள் சம்பளக்காரர்கள். லினக்ஸ் கருநிரலில் மாற்றம் அனுப்புபவர்களில் அதிகம் பேர் ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள். சிப் விற்பவருக்குத் தன் சிப்பில் லினக்ஸ் ஓட வேண்டும், சர்வர் வாடகைக்கு விடுபவருக்கு அது நின்றுவிடக் கூடாது. ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதினால் ஆகும் செலவைவிடச் சேர்ந்து எழுதுவது மலிவு. டிரோனிலும் இதே கதைதான். பாகம் விற்கும் நிறுவனங்கள் ஆர்டுபைலட்டுக்குப் பணமும் ஆளும் தருகின்றன.

2024-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி வழியாக வந்த ஓர் ஆய்வு, பரவலாகப் பயன்படும் திறந்த மூல நிரல்களை ஒரு தடவை திரும்ப எழுத சுமார் 415 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டது. அவற்றைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிறுவனமும் தானே எழுதிக்கொள்ள நேர்ந்தால் ஆவது 8.8 லட்சம் கோடி டாலர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் பொதுக் குளம். குளத்தில் தண்ணீர் எடுப்பவர் எல்லோரும் தூர் வார வருகிறார்களா என்றால், இல்லை. அதன் விளைவு எட்டாவது கேள்வியில் வருகிறது.

"கவர்மென்ட்டுக்கு இதனால காசு மிச்சமாமே? நெஜமா?"

நிஜம், ஆனால் எண்ணைக் கேட்டு மயங்க வேண்டாம். கேரளத்தில் பள்ளிக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியதில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அங்கே அதை நடத்தும் கைட் நிறுவனம் 2019-இல் சொன்னது. இரண்டு லட்சம் கணினிகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை லட்சம் ரூபாய் மென்பொருள் என்று பெருக்கி வந்த தொகை அது. எல்லா மென்பொருளையும் முழு விலைக்கு வாங்கியிருப்பார்கள் என்பது என்னைப் பொறுத்தவரை தாராளமான கணக்கு. பாதியாகக் குறைத்தாலும் பெரிய தொகைதான். என்னைக் கவர்ந்தது அதுவல்ல, கூடவே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், மலையாளத்தில் பாடப்புத்தகமும் போட்டார்கள் என்பதே.

நம் மாநிலத்தில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது அது. நான் பார்த்த வீடுகளில் மடிக்கணினியைத் திறந்ததும் விண்டோஸைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். இன்னொன்று எதற்கு இருக்கிறது என்று பள்ளியில் யாரும் சொல்லவில்லை. மென்பொருளை மட்டும் ஏற்றி அனுப்பினால் இப்படித்தான் ஆகும்.

"ஒரு டிரோன் வந்தா எத்தனை பேர் பொழப்பு போகும்?"

இதுதான் அதிகம் வரும் கேள்வி. ஒரு ஏக்கர் நெல்லுக்குக் கைத்தெளிப்பானில் சுமார் 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். முதுகில் டேங்கைச் சுமந்துகொண்டு சேற்றில் இறங்கி, பதினைந்து தடவைக்கு மேல் நிரப்பி, அரை நாள் போகும். டிரோன் 10 லிட்டரில் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடும். ஆக, மருந்து அடிப்பவரின் கூலி போகிறது, அதில் மழுப்ப ஒன்றும் இல்லை. ஆனால் காற்று திரும்பினால் முகத்தில் விழும் அந்த மருந்து வேலைக்காக யாரும் அழுது நான் பார்த்ததில்லை. பல ஊரில் அதற்கு ஆளே கிடைப்பதில்லை. அறுப்பு மெஷின் வந்தபோது நடந்தது வேறு. களத்தில் நெல்லாகக் கூலி வாங்கி வருடம் முழுக்கச் சாப்பிட்ட குடும்பங்கள் இருந்தன. அந்த நெல் திரும்ப வரவில்லை.

வேலை போகிறதா என்பதோடு, காசு எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். முன்பு கூலி ஊருக்குள்ளேயே சுற்றியது. பாதி டீக்கடைக்கும் மளிகைக்கும் போனது. இப்போது ஏக்கருக்கு 500, 600 ரூபாய் என்று வாங்கும் பணத்தில் பைலட்டுக்கு ஒரு பங்கு, கடன் தவணைக்கு ஒரு பங்கு, பேட்டரிக்கு ஒரு பங்கு. சுமையோடு பறந்தால் ஒரு பேட்டரி பத்து நிமிடம்தான் தாங்கும் என்பதால் நாலைந்து செட் வேண்டும். அதன் செல்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. சில நிறுவனங்கள் மென்பொருளுக்கென்று வருடச் சந்தாவும் கேட்கின்றன. நிரல் திறந்ததாக இருந்தால் இந்தக் கடைசிப் பங்கும் ரிப்பேர் காசும் ஊரில் நிற்க வழி உண்டு. மூடியதாக இருந்தால் அவையும் பஸ் ஏறிவிடும்.

2023 நவம்பரில் மத்திய அரசு 'நமோ டிரோன் தீதி' என்று 1,261 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றது. 15,000 மகளிர் குழுக்களுக்கு டிரோன். விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் வரை மானியம். 15 நாள் பயிற்சி. நல்ல திட்டம்தான். ஆனால் பழுதானால் அந்தக் குழுவே பிரித்துப் பார்க்க முடியுமா என்பதில்தான் அடுத்த மூன்று வருட வருமானம் தொங்குகிறது.

"உள்ளே ஓப்பன் சோர்ஸ்னா ரிப்பேரை நம்மளே பாத்துக்கலாமா?"

பார்க்கலாம் என்று சொல்ல ஆசை. ஒரு சம்பா பருவத்தில் குழு ஒன்று மோட்டார் தகராறு என்று டிரோனைக் கொண்டு வந்தது. வேகக் கட்டுப்பாட்டு போர்டு எரிந்திருந்தது. அதே வகை போர்டு கடையில் வாங்கி மாற்றினேன். எல்லாம் சரி, ஆனால் மோட்டார் சுற்ற மறுத்தது. 'அங்கீகரிக்கப்படாத பாகம், சேவை மையத்தை அணுகவும்' என்று திரையில் வந்தது. உள்ளே ஓடியது ஆர்டுபைலட்டின் மாற்றிய வடிவம் என்பது அமைப்புகளுக்கு வைத்திருந்த பெயர்களைப் பார்த்தாலே தெரிந்தது. மேலே ஒரு பூட்டு மட்டும் போட்டிருந்தார்கள். சேவை மையத்திலிருந்து ஆள் வர பதினோரு நாள் ஆனது. அதற்குள் இலைச்சுருட்டுப் புழு தன் வேலையை முடித்துவிட்டது.

ஆர்டுபைலட் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் இருப்பதால், மாற்றிய மூலநிரலைக் கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. குழுத் தலைவி கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினார். இரண்டு மாதம் கழித்து ஒரு சுருக்கிய கோப்பு (ஜிப்) வந்தது, பூட்டுப் பகுதி அதில் இல்லை. மாற்றிய நிரலைப் பொருளில் ஏற்றத் தேவையான சாவியையும் தரச் சொல்லும் விதி அந்த உரிமத்தில் வீட்டு உபயோகப் பொருளுக்குத்தான். பல லட்சம் ரூபாய் விவசாய இயந்திரம் அதில் அடங்குமா என்பது வாதத்துக்கு உரியது. பிஎக்ஸ்4-இல் இந்தச் சண்டைக்கே இடமில்லை. அதன் பிஎஸ்டி உரிமம் மாற்றியதை மூடிக்கொள்ள அனுமதிக்கிறது. இன்னொரு பக்கமும் உண்டு. இங்கே டிரோன் மாதிரிக்கு வகைச் சான்றிதழ் வாங்க வேண்டும். சான்று பெற்ற மாதிரியில் ஆளாளுக்கு நிரல் மாற்றினால் எப்படி என்று நிறுவனம் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பறக்கும் நிரலுக்குப் பூட்டு போடட்டும். எரிந்த போர்டுக்கு எதற்குப் பூட்டு?

அமெரிக்காவில் ஜான் டியர் என்ற டிராக்டர் நிறுவனத்தோடு விவசாயிகள் பல வருடமாகப் போடும் சண்டையும் இதுவே. கொலராடோ மாநிலம் 2023-இல் விவசாய இயந்திரங்களுக்குப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டமே போட்டது. 2022-இல் உக்ரைனின் மெலிடோபோலிலிருந்து ரஷ்யப் படையினர் திருடிக்கொண்டு போன டியர் இயந்திரங்கள் தூரத்திலிருந்தே முடக்கப்பட்டன. திருடன் கையில் செத்துப்போனது சரி என்று எல்லோரும் கை தட்டினோம். அதே பொத்தான் தவணை தவறியவர் டிராக்டருக்கும் வேலை செய்யும்.

"கோடு எல்லாருக்கும் தெரிஞ்சா ஹேக் பண்ண மாட்டானா?"

நிரலை ஒளித்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. பலர் பார்ப்பதால் ஓட்டை சீக்கிரம் தெரியும் என்பது வழக்கமான பதில். பாதி உண்மை. பார்ப்பதற்கு ஆள் இருந்தால்தானே? இணையத்தில் பூட்டுப் படம் போட்டு வரும் பாதுகாப்பில் பெரும்பங்கு ஓபன்எஸ்எஸ்எல் என்ற நிரலால் நடந்தது. 2014-இல் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளியானபோதுதான், அதற்கு வந்துகொண்டிருந்த நன்கொடை வருடத்துக்கு 2,000 டாலர் அளவில் என்று உலகத்துக்குத் தெரிந்தது.

2024 மார்ச் சம்பவம் இன்னும் மோசம். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரலை ஏறக்குறைய ஒருவர் மட்டும் கவனித்து வந்தார், அதுவும் களைத்துப்போய். உதவுகிறேன் என்று வந்த ஒரு புனைபெயர்க்காரர் இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை பெற்று, கடைசியில் சர்வருக்குள் ரகசியமாக நுழைய வழி விடும் பின்கதவு ஒன்றைப் புகுத்திவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்ற பொறியாளர், சர்வரில் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுக் கிளறியதால் மாட்டியது. மூடிய நிரலாக இருந்தால் அவரால் கிளறியிருக்க முடியாது. திறந்த நிரலாக இருந்ததால்தான் அந்தப் புனைபெயர்க்காரர் நுழைந்ததும். நாலாவது கேள்வியில் சொன்ன தூர் வாராத குளம் இதுதான்.

"கீழ விழுந்து யாராவது அடிபட்டா யார் பொறுப்பு? கோடு எழுதுனவனா?"

எல்லாத் திறந்த மூல உரிமத்திலும் 'எந்த உத்தரவாதமும் இல்லை' என்ற வரி இருக்கும். எழுதியவரை அநேகமாகப் பிடிக்க முடியாது. இயக்கியவர், உரிமையாளர், விற்ற நிறுவனம் என்றுதான் போகும். 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதைப் புதுப்பிக்காமல் பறக்கவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பொறுப்பை நன்றாகப் பிரித்திருக்கிறது. வியாபாரமாக விற்பவருக்கு முழுப் பொறுப்பு, லாபமில்லாமல் பராமரிப்பவருக்கு இலேசான கடமை.

விபத்துக்குப் பிறகு நிரலைவிட உதவுவது பதிவேடு. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பியில் ஊபரின் சோதனைக் கார் சாலையைக் கடந்த பெண்மணி மீது மோதி, அவர் இறந்தார். அவரைக் கார் மாறி மாறி வாகனம், வேறு பொருள், சைக்கிள் என்று வகைப்படுத்திக்கொண்டிருந்தது விசாரணையில் தெரிந்தது பதிவுகளை வைத்துத்தான். குற்ற வழக்கு உள்ளே உட்கார்ந்திருந்த ஓட்டுநர் மேல் போடப்பட்டது, நிறுவனத்தின் மேல் இல்லை. மூன்றாவது கேள்வியில் சொன்ன கட்டைவிரல்காரிக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்: மாலையில் பதிவுக் கோப்பை இறக்கி வை, உன் பக்கம் பேச அது மட்டும்தான் இருக்கும்.

"இதே சாஃப்ட்வேர்ல குண்டு போடுறாங்களாமே?"

ஆமாம். 2025 ஜூன் 1-ஆம் தேதி உக்ரைன் 117 டிரோன்களால் ரஷ்ய விமானத் தளங்களைத் தாக்கியபோது ஆர்டுபைலட் பயன்பட்டதாகச் செய்தி வந்தது. ஆர்டுபைலட் குழு ஆயுத வேலைக்குத் தாங்கள் உதவுவதில்லை என்று நெறிமுறை வைத்திருக்கிறது. ஆனால் உரிமத்தில் அதைத் தடுக்க முடியாது. இன்ன காரியத்துக்குப் பயன்படுத்தாதே என்று போட்டால் அது திறந்த மூலமே இல்லை என்பது வரையறை. எனக்கு இதில் நிம்மதியான பதில் கிடையாது.

"டிரைவர் இல்லாத கார் நம்ம ஊருக்கு வருமா?"

கும்பகோணம் சாலையில் மாடு, பால்காரர், எதிர்ப்பக்கம் வரும் ஷேர் ஆட்டோ எல்லாவற்றையும் நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்திலிருந்து 2015-இல் வந்த ஆட்டோவேர் என்ற திறந்த மூல நிரலை வைத்து மாணவர்கள் இன்றே பழகலாம். ஓட்டுநர்களின் வேலை போகும் என்பதால் அனுமதிக்கமாட்டேன் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2023-இல் சொல்லிவிட்டார். தண்டவாளத்தில் கதை வேறு. டெல்லி மெட்ரோவில் 2020 டிசம்பரிலிருந்தே ஓட்டுநர் இல்லா ரயில் ஓடுகிறது.

"ஏஐ மாடல் எல்லாம் ஓப்பன் சோர்ஸ்னு போடுறானே, அதுவும் இதேதானா?"

பெரும்பாலும் இல்லை. முதல் கேள்வியில் சொன்ன அளவுகோலை வையுங்கள். பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் லாமா மாடலை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மாதம் 70 கோடிப் பயனர்களுக்கு மேல் உள்ள நிறுவனம் தனி அனுமதி கேட்க வேண்டும். எதை வைத்துப் பயிற்றினார்கள் என்பதும் தெரியாது. பிரித்துப் பார்த்து மாற்றும் உரிமை அரைகுறை. சீன நிறுவனமான டீப்சீக் 2025 ஜனவரியில் ஆர்1 மாடலை எம்ஐடி உரிமத்தில் விட்டது, அது தாராளம். அதிலும் பயிற்சித் தரவு வரவில்லை. பயிற்சியில் மாடல் கற்றுக்கொண்ட எண்களுக்கு எடைகள் என்று பெயர். 'எடைகள் திறந்தது' என்று சொன்னால் நேர்மை.

"எம் பொண்ணு பி.இ. படிக்கிறா. இதுல எறங்குனா வேலை கெடைக்குமா சார்?"

சான்றிதழைவிட, செய்த வேலை கண்ணுக்குத் தெரியும் துறை இது. டிரோன் வாங்கத் தேவையில்லை. ஆர்டுபைலட்டைச் சாதாரண மடிக்கணினியில், கணினிக்குள்ளேயே பறக்கும் பாவனை டிரோனோடு ஓட்டலாம். நூறு தடவை விழுந்தாலும் செலவு இல்லை. முதல் நாளே பெரிய வசதி சேர்க்க நினைக்க வேண்டாம், விளக்க ஆவணத்தில் ஒரு பிழையைத் திருத்தித் தொடங்கட்டும்.

என் சனிக்கிழமை வகுப்பில் ஒரு மாணவி தெளிப்பான் பக்க விளக்கத்தில் அலகு தவறாக இருப்பதைக் கண்டுபிடித்தாள். ஒரே வரி. அனுப்பினாள். எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர், திருத்தம் சரி, காரணத்தையும் இரண்டு வரி எழுது என்று திருப்பி அனுப்பினார். எழுதினாள். ஏற்கப்பட மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் ஒரு நாளைக்கு நாலு தடவை போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பாவனை டிரோனை வைத்து, காற்று அடிக்கும்போது மருந்து எவ்வளவு தூரம் விலகுகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.